'நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது': நிஜமாகவே கிடைத்ததா? காண்டாக்ட் ஃபார்மை இமெயில் ஏபிஐயோடு இணைக்கும் வழி

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். ஆடி முடியப் போகிறது, ஆவணி முகூர்த்தத்துக்கு ஆட்கள் மண்டபம் தேடி அலைகிற நேரம். மண்டபத்துக்காரர் போன் செய்தார்.

"தம்பி, வெப்சைட்ல மெசேஜ் போட்டேன், பதிலே காணலையேன்னு ரெண்டு பேரு நேர்லயே வந்து கேட்டுட்டாங்க. நமக்கு ஒண்ணும் வரலையே?"

உடனே ஃபார்மைத் திறந்து நானே ஒரு விசாரணை போட்டேன். 'நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது' என்று பச்சை எழுத்தில் வந்தது. "இங்க சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றேன். அவருடைய ஸ்பேம் பெட்டியைத் திறக்கச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, பதினேழு விசாரணைகள் அங்கே படுத்துக் கிடந்தன. என் சோதனை மெயில் அங்கேகூட வரவில்லை.

தப்பு என்னுடையதுதான். மெயில் போனதா இல்லையா என்று பார்க்காமலே நன்றி சொல்லும்படி நிரல் எழுதியிருந்தேன். அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதை, முதல் முறையாக இந்த வேலையைச் செய்கிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். எச்டிஎம்எல்லில் ஒரு ஃபார்ம் போடத் தெரியும், பிஎச்பியோ நோடோ கொஞ்சம் பழக்கம் என்றால் போதும்.

பழைய வழி ஏன் சொதப்புகிறது

பிஎச்பியில் மெயில் என்ற பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் உண்டு. பெறுநர், தலைப்பு, செய்தி என்று மூன்றைக் கொடுத்தால் ஒரே வரியில் வேலை முடிந்த மாதிரி இருக்கும். அது 'ட்ரூ' என்று பதில் சொன்னால், மெயிலைச் சர்வரில் உள்ள அனுப்பும் நிரல் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே அர்த்தம். போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. பிஎச்பியின் கையேட்டிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை.

அதற்குப் பிறகு நடப்பதுதான் சிக்கல். மலிவு விலை ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி முகவரியை எத்தனையோ வெப்சைட்டுகள் பங்கு போட்டுக்கொள்ளும். அதில் ஒருவர் ஹேக் ஆகிக் குப்பை மெயில் அனுப்பினாலும் கெட்ட பெயர் எல்லோருக்கும்தான். சொந்தமாக கிளவுட் சர்வர் எடுத்தாலும் தப்பிக்க முடியாது. அமேசான், கூகுள் போன்ற கிளவுட்களில் வெளியே மெயில் போகிற 25ஆம் எண் போர்ட்டை இயல்பாகவே மூடித்தான் வைத்திருப்பார்கள்.

அடிப்படைக் காரணம் இன்னும் பழையது. மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் எழுதப்பட்டது. அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நம்பிக்கையில் பிறந்தது அது. தபால் உறையின் பின்பக்கம் யாருடைய முகவரியையும் எழுத முடிகிற மாதிரி. அந்த ஓட்டையை அடைக்க, அனுப்புநர் அசலா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. இப்போது ஜிமெயிலும் யாஹூவும் அவற்றைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு மெயில் அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஏதாவது ஒன்றாவது இருக்க வேண்டும். நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்பினால் மூன்றும் வேண்டும்.

இமெயில் ஏபிஐ சேவைகள் இந்தத் தலைவலியை நமக்காகச் சுமக்கின்றன. நம் சர்வர் ஒரு சாதாரண எச்டிடிபி கோரிக்கையில் 'இதை இவருக்கு அனுப்பு' என்று சொல்லும். அனுப்புவது, மறுமுனை ஏற்காவிட்டால் மீண்டும் முயல்வது, என்ன ஆனது என்று பதிவு செய்வது எல்லாம் அவர்கள் பாடு.

சேவையைத் தேர்ந்தெடுப்பது

இதில் நிறைய நேரம் செலவழிக்காதீர்கள். ரீசெண்ட், பிரீவோ, போஸ்ட்மார்க், மெயில்கன், அமேசான் எஸ்இஎஸ், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் செப்டோமெயில் என்று பல உண்டு. காண்டாக்ட் ஃபார்ம் அளவுக்கு எல்லாமே போதும். நான் இதை எழுதும் நேரத்தில் ரீசெண்டின் இலவசத் திட்டத்தில் மாதம் 3,000 மெயில், நாளுக்கு 100. பிரீவோவில் நாளுக்கு 300. ஒரு மண்டபத்துக்கோ கிளினிக்குக்கோ இது தாராளம். செப்டோமெயில் இந்த மாதிரி அறிவிப்பு மெயில்களுக்கு மட்டுமே, விளம்பர மெயில் அனுப்ப விடமாட்டார்கள். அது நமக்கு நல்லதுதான், கூட இருப்பவர்கள் ஒழுங்காக இருப்பார்கள். அமேசான் எஸ்இஎஸ் விலை குறைவு. ஆனால் புதிய கணக்கு முதலில் 'சாண்ட்பாக்ஸ்' என்ற சோதனை நிலையில்தான் இருக்கும், அதிலிருந்து வெளியே வர விண்ணப்பிக்க வேண்டும். முதல் முறை செய்கிறவருக்கு அது வேண்டாத அலைச்சல்.

இலவச அளவுகள் அடிக்கடி மாறும், சேருமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ரீசெண்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றிலும் பெயர்கள்தான் மாறும், வழி ஒன்றுதான். நிரலை வரிவரியாக ஒட்டப் போவதில்லை. ஒவ்வொரு சேவையின் ஆவணங்களிலும் பிஎச்பி, நோட், பைத்தான் எல்லாவற்றுக்கும் மாதிரி நிரல் இருக்கிறது. அதில் எந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள்.

டொமைனை நிரூபிப்பது

கணக்கு தொடங்கியதும் சேவை ஒரு சோதனை அனுப்புநர் முகவரியைத் தரும். அதிலிருந்து உங்கள் சொந்த முகவரிக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கலாம். மற்றவர்களுக்குப் போக வேண்டுமென்றால், அந்த டொமைன் உங்களுடையதுதான் என்று டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனைப் பற்றிய பொது விவரப் பதிவேட்டில், நிரூபிக்க வேண்டும். டாஷ்போர்டில் டொமைன் பெயரைச் சேர்த்தால் மூன்று நான்கு ரெக்கார்டுகளைக் காட்டும். ஒரு எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்பது), இரண்டு மூன்று டிஎக்ஸ்டி (எழுத்து வடிவ விவரம்). அவற்றை அப்படியே நகலெடுத்து உங்கள் டிஎன்எஸ் பகுதியில் போட வேண்டும்.

இவை என்ன சொல்கின்றன என்று தெரிந்து போடுவது நல்லது. எஸ்பிஎஃப் என்பது 'எங்கள் பெயரில் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்கு அனுமதி உண்டு' என்ற பட்டியல். டிகிம் ஒரு முத்திரை. அனுப்பும் சேவை ஒவ்வொரு மெயிலிலும் ரகசியச் சாவியால் முத்திரை குத்தும், பெறுகிறவர் டிஎன்எஸ்ஸில் இருக்கும் பொதுச் சாவியை வைத்து அது அசலா என்று பார்ப்பார். டிமார்க், இந்த இரண்டும் பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று நீங்கள் பெறுகிறவருக்குச் சொல்லும் உத்தரவு. ஆரம்பத்தில் அதை 'நன்' என்று, அதாவது ஒன்றும் செய்யாதே என்று வையுங்கள். எல்லாம் சரியாகப் போகிறது என்று தெரிந்த பிறகு 'க்வாரன்டைன்' ஆக்கிக்கொள்ளலாம்.

இங்கே மாட்டிக்கொள்கிற இடங்கள் மூன்று.

டொமைனை ஓரிடத்தில் வாங்கியிருப்போம், நேம்சர்வரை (டொமைனின் டிஎன்எஸ் விவரத்தைத் தரும் சர்வரை) வேறோர் இடத்துக்கு, பெரும்பாலும் கிளவுட்ஃப்ளேருக்கு, மாற்றியிருப்போம். வாங்கிய இடத்திலும் டிஎன்எஸ் பக்கம் இருக்கும். அங்கே ரெக்கார்டு போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருந்தவன் நான். நேம்சர்வர் எங்கே காட்டுகிறதோ அங்கேதான் போட வேண்டும்.

இரண்டாவது, பல கண்ட்ரோல் பேனல்கள் நாம் எழுதும் பெயருக்குப் பின்னால் டொமைனைத் தாங்களே ஒட்டிவிடும். நாமும் முழுப் பெயரை எழுதினால் டொமைன் இரண்டு முறை வந்துவிடும். சேமித்த பிறகு அது என்ன பெயரில் பதிவாகியிருக்கிறது என்று ஒரு கண் பாருங்கள்.

மூன்றாவது, எஸ்பிஎஃப். ஒரு பெயருக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். ஏற்கெனவே கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கோ ஜோஹோ மெயிலுக்கோ ஒன்று இருக்கும். புதிதாக இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போய்விடும். அதோடு இதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஆபீஸ் மெயிலும் ஸ்பேமுக்குப் போக ஆரம்பிக்கும். ஒரே வரியில் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். ரீசெண்ட் இந்த எஸ்பிஎஃப்பைத் தனியாக ஒரு சப்டொமைனில் போடச் சொல்வதால் இந்த மோதல் வராது. வேறு சேவை என்றால் கவனம்.

சாவி எங்கே இருக்க வேண்டும்

டாஷ்போர்டில் ஏபிஐ கீ ஒன்றை உருவாக்குங்கள், உங்கள் கணக்கில் மெயில் அனுப்ப உதவும் ரகசியச் சாவி இது. 'முழு அனுமதி' வேண்டாம், 'அனுப்ப மட்டும் அனுமதி' என்று ஒரு தேர்வு இருக்கும், அது போதும். சாவியை ஒரே ஒரு முறைதான் காட்டுவார்கள், அப்போதே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி: "பிரவுசர் ஜாவாஸ்கிரிப்டிலிருந்தே நேராக ஏபிஐயைக் கூப்பிட்டால் என்ன? சர்வரே தேவையில்லையே!" கூப்பிட்டால் பெரும்பாலான சேவைகளில் 'கார்ஸ்' பிழை வரும், அதாவது வேறு தளத்தின் சர்வரோடு பேச பிரவுசர் விடாது. அதை எப்படித் தாண்டுவது என்று தேடாதீர்கள், அந்தச் சுவர் உங்களுக்காகத்தான் கட்டியிருக்கிறது. பிரவுசருக்குப் போகிற எதையும் பக்கத்தைத் திறக்கிற யாரும் படிக்கலாம். உங்கள் சாவி கையில் கிடைத்தால் உங்கள் டொமைன் பெயரிலேயே வங்கி மோசடி மெயில் அனுப்பலாம், அதற்கு டிகிம் முத்திரை வேறு ஒழுங்காக விழும்.

ஆகவே சாவி சர்வரில், என்விரான்மென்ட் வேரியபிளாக (நிரலுக்கு வெளியே வைக்கும் மதிப்பாக) இருக்க வேண்டும். டாட் என்வ் கோப்பில் வைத்தால் அதைக் கிட்டில் ஏறக்கூடாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்த்துவிட்டுத்தான் முதல் கமிட் போட வேண்டும். ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். தெரியாமல் கிட்ஹப்பில் ஏறிவிட்டதா? கோப்பை அழித்துப் பயனில்லை, பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். டாஷ்போர்டுக்குப் போய் அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டுப் புதிது எடுங்கள்.

வெறும் எச்டிஎம்எல் சைட் வைத்திருப்பவர்கள் வெர்செல், நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸ் ஏதாவது ஒன்றில் சின்ன ஃபங்ஷன் எழுதி அதையே சர்வராக வைத்துக்கொள்ளலாம். இலவச அளவே போதும்.

ஃபார்ம்

குறைவாகக் கேளுங்கள். பெயர், போன், இமெயில், செய்தி. மண்டபத்துக்கு மட்டும் தேதி ஒன்றைச் சேர்த்தேன். 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று இரண்டு கட்டம் வைக்காதீர்கள். நம் ஆட்கள் இனிஷியலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் அப்பா பெயரை ஒன்றிலும் தன் பெயரை இன்னொன்றிலும் போடுவார்கள், பிறகு மெயிலில் அப்பாவை அழைத்துப் பதில் போகும். 'பெயர்' என்று ஒரு கட்டம் போதும்.

பெயரைச் சோதிக்கும்போது தமிழ் எழுத்து ஒரு வேடிக்கை காட்டும். 'எண், குறியீடு வேண்டாம், எழுத்து மட்டும்' என்று நினைத்து ரெகெக்ஸில் (எழுத்துகளைச் சோதிக்கும் விதியில்) யூனிகோடின் 'எழுத்து' வகையை மட்டும் அனுமதித்தால், குமார் உள்ளே வர முடியாது. யூனிகோடில் க, ம, ர மூன்றும் எழுத்து வகை. உகரக் குறி, துணைக்கால், மேலே இருக்கும் புள்ளி மூன்றும் 'குறி' என்ற தனி வகை. அதையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும். உண்மையில் பெயரை இப்படியெல்லாம் சோதிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. காலியாக இருக்கிறதா, மிக நீளமா என்று மட்டும் பாருங்கள்.

நீளத்திலும் இதே கதைதான். பிஎச்பியின் எஸ்டிஆர்லென் எழுத்துகளை எண்ணாது, பைட்டுகளை எண்ணும். யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தோ குறியோ, ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து, எஸ்டிஆர்லென்னுக்கு 15. ஆயிரம் என்று வரம்பு வைத்தால் ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குப் பத்துப் பதினைந்து வரி கிடைக்கும், தமிழில் எழுதுகிறவருக்கு நாலைந்து வரிதான். இதைவிட மோசம், அதிகப்படி நீளத்தைச் சப்ஸ்ட்ர் ஃபங்ஷனால் வெட்டுவது. ஓர் எழுத்தின் நடு பைட்டில் கத்தி விழுந்தால், அந்த உடைந்த எழுத்தோடு ஜேசன் என்கோட் செய்யும்போது (ஏபிஐக்கு அனுப்பும் வடிவத்துக்கு மாற்றும்போது) அது 'ஃபால்ஸ்' என்று திருப்பிவிடும். ஏபிஐக்கு வெற்றுக் கோரிக்கை போகும். தமிழில் நீளமாக எழுதியவர்களின் செய்தி மட்டும் வராது, ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். 'எம்பி' என்று தொடங்கும் ஃபங்ஷன்களை மட்டுமே பயன்படுத்துங்கள்.

சர்வரில் எந்த வரிசையில் என்ன

சோதி, சேமி, அனுப்பு. இந்த வரிசை மாறக்கூடாது.

சோதிப்பது பிரவுசரில் ஏற்கெனவே நடந்திருந்தாலும் சர்வரில் மீண்டும் நடக்க வேண்டும். பல பாட்கள் (தானாகவே ஃபார்ம் நிரப்பும் நிரல்கள்) உங்கள் பக்கத்தைத் திறப்பதில்லை, நேராக சர்வர் முகவரிக்கே அனுப்பும்.

சேமிப்பது, இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்துகிற ஒரே விஷயம். மெயில் அனுப்புமுன் செய்தியை ஒரு டேபிளில் எழுதி வைத்துவிடுங்கள். சேவை பத்து நிமிடம் படுத்துவிட்டாலும், சாவி காலாவதியானாலும், அன்றைய இலவச அளவு தீர்ந்தாலும், அந்த விசாரணை உங்களிடம் இருக்கும். டேபிளில் 'நிலை' என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். முதலில் 'காத்திருக்கிறது', அனுப்பியதும் 'அனுப்பியாயிற்று', கூடவே சேவை தரும் அடையாள எண். மை எஸ்க்யூஎல்லில் டேபிளின் எழுத்து வகை யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய யூடிஎஃப்8 வகை 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் அதில் அழகாக உட்காரும், அதனால் சோதனையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் எமோஜிக்கு 4 பைட். நம் ஆட்கள் எப்படி ஆரம்பிப்பார்கள்? 'வணக்கம்' போட்டு, கும்பிடும் கை எமோஜி போட்டுத்தான். சில பழைய சர்வர்களில் எமோஜி வந்த இடத்தோடு செய்தி துண்டாகிவிடும். மண்டபத்து டேபிளில் வெறும் 'வணக்கம்' மட்டும் இருந்த வரிசைகளைப் பார்த்து, யாரோ வெறும் வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

இனி அனுப்புவது. சேவையின் மெயில் முகவரிக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை. தலைப்பகுதியில் 'ஆதரைசேஷன்' என்ற இடத்தில் 'பேரர்' என்ற சொல், ஓர் இடைவெளி, பிறகு சாவி. உள்ளடக்கம் ஜேசன். அதற்குள் ஃப்ரம், டூ, ரிப்ளை-டூ, சப்ஜெக்ட், டெக்ஸ்ட் என்று ஐந்து விவரம்.

நான் தவறு செய்தது ஃப்ரம்மில். விசாரிக்கிறவர் ஃபார்மில் கொடுத்த முகவரியையே அனுப்புநராகப் போட்டிருந்தேன். மண்டபத்துக்காரர் 'ரிப்ளை' அமுக்கினால் விசாரித்தவருக்கே போகட்டும் என்ற எண்ணம். ஜிமெயில் பக்கத்திலிருந்து பாருங்கள்: ஏதோ ஓர் ஊரில் இருக்கும் ஹோஸ்டிங் சர்வர் வந்து 'நான்தான் இந்த ஜிமெயில்காரர்' என்று சொல்கிறது. அது ஸ்பேமில் தள்ளாமல் என்ன செய்யும்? யாஹூ முகவரி என்றால் இன்னும் கறார். 2014இலேயே யாஹூ தன் டிமார்க்கை 'ரிஜெக்ட்' என்று வைத்துவிட்டது, அந்த மெயில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். நான் சோதித்துப் பார்த்தது என் பழைய யாஹூ முகவரியைக் கொடுத்து. ஸ்பேமில்கூட அது வராததற்குக் காரணம் அதுதான்.

சரியான வழி இது. ஃப்ரம்மில் எப்போதும் நீங்கள் நிரூபித்த டொமைனின் முகவரி மட்டும். 'மண்டபம் வெப்சைட்' என்று ஒரு பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். டூவில் மண்டபத்துக்காரர். ரிப்ளை-டூவில் விசாரித்தவர். மண்டபத்துக்காரர் பதில் அனுப்பும்போது அது தானாகவே விசாரித்தவருக்குப் போகும். ரீசெண்டை நேரடியாகக் கூப்பிடும்போது ரிப்ளை-டூவை நடுவில் அடிக்கோடு போட்டு எழுத வேண்டும், நோட் லைப்ரரியில் ஒரே சொல்லாக. ஒவ்வொரு சேவையிலும் எழுத்துக்கூட்டல் வேறு. இதை மட்டும் ஆவணத்தைப் பார்த்தே எழுதுங்கள்.

சப்ஜெக்டில் 'புதிய விசாரணை' என்று மட்டும் போட்டால் ஜிமெயில் அவற்றை ஒரே உரையாடலாக அடுக்கிவிடலாம். எட்டுப் பேருடைய விசாரணை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுருங்கி, மேலே இருப்பதற்கு மட்டும் பதில் போகும். பெயரையும் தேதியையும் சப்ஜெக்டில் சேர்த்தால் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். மண்டபத்துக்காரருக்கும் போன் திரையைப் பார்த்தே எந்த முகூர்த்தம் என்று தெரிந்துவிடும்.

செய்தியை டெக்ஸ்டாக அனுப்புவதே போதும். எச்டிஎம்எல் மெயில் வேண்டுமென்றால், ஃபார்மில் வந்த எதையும் எஸ்கேப் செய்யாமல் (எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றாமல்) உள்ளே வைக்காதீர்கள். யாரோ ஒருவர் செய்திப் பெட்டியில் ஒரு போலி லிங்க்கை அழகாக வடிவமைத்து எழுதினால், அது உங்கள் வெப்சைட்டிலிருந்து வந்த மெயிலாகவே மண்டபத்துக்காரர் கண்ணில் படும்.

பதிலைப் படிப்பது

கோரிக்கை போனதும் சேவை ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 200, 201, 202 என்றால் வாங்கிக்கொண்டது. 401 என்றால் சாவி தப்பு, சர்வரில் வேரியபிள் ஏறவில்லை என்பதுதான் பத்துக்கு எட்டு முறை காரணம். 403 என்றால் பெரும்பாலும் டொமைன் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. 422 என்றால் நீங்கள் அனுப்பிய விவரத்தில் ஏதோ குறை. 429 என்றால் அளவு தாண்டிவிட்டது, கொஞ்ச நேரம் கழித்து முயல வேண்டும். 500 அல்லது அதற்கு மேல் என்றால் அவர்கள் பக்கத்துக் கோளாறு. இந்த எண்ணோடு வரும் ஜேசன் பதிலில் காரணம் வாக்கியமாகவே இருக்கும், அதை லாகில் எழுதி வையுங்கள். லாகில் சாவியை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பிஎச்பியில் கோரிக்கை அனுப்ப கர்ல் என்ற லைப்ரரியைப் பயன்படுத்தினால் டைம்அவுட்டை நீங்களே வைக்க வேண்டும். அதற்கு இயல்பான மொத்த நேர வரம்பு என்று எதுவும் கிடையாது. பத்து வினாடி போதும். இல்லாவிட்டால் மறுமுனை தடுமாறும் நாளில் விசாரிக்கிறவர் சுற்றும் சக்கரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், பொறுமை போய் மூன்று முறை பட்டனை அமுக்குவார். முதல் அமுக்கிலேயே பட்டனை முடக்கிவிடுங்கள்.

இனி அந்த 'நன்றி'. டேபிளில் சேமித்தாயிற்று என்றால் நன்றி சொல்லலாம், மெயில் போகாவிட்டாலும் செய்தி உங்களிடம் இருக்கிறதே, அது பொய் இல்லை. 'காத்திருக்கிறது' நிலையில் நிற்பவற்றைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கிரான் வேலை (சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் நிரல்) எடுத்து மறுபடி அனுப்பட்டும். சேமிப்பதே தோற்றால் நன்றி சொல்லாதீர்கள். 'இப்போது அனுப்ப முடியவில்லை, இந்த எண்ணில் அழையுங்கள்' என்று போன் நம்பரைக் காட்டுங்கள். அவர் எழுதியதைப் பெட்டியிலிருந்து அழித்தும் விடாதீர்கள். ஃபோனில் தட்டுத்தடுமாறித் தமிழில் தட்டியவருக்கு அதைத் திரும்ப எழுதச் சொல்வது கொடுமை.

பாட் தொல்லை

ஃபார்ம் இணையத்துக்கு வந்த சில நாட்களிலேயே ரஷ்ய மொழியிலும் எஸ்இஓ விளம்பரமாகவும் செய்திகள் வர ஆரம்பிக்கும். முதலில் தேன்குடம் ('ஹனிபாட்') என்ற பொறியை வையுங்கள்: 'வெப்சைட்' என்ற பெயரில் ஒரு கட்டத்தை வைத்து சிஎஸ்எஸ்ஸால் கண்ணுக்குத் தெரியாமல் ஒதுக்கிவிடுங்கள். மனிதர் அதை நிரப்பமாட்டார், பாட் நிரப்பும். நிரம்பியிருந்தால் மெயில் அனுப்பாமல் நன்றி மட்டும் சொல்லி அனுப்பிவிடுங்கள். (மேலே சொன்ன நேர்மையெல்லாம் மனிதர்களுக்குத்தான்.) பக்கம் திறந்து மூன்று வினாடிக்குள் ஃபார்ம் வந்தாலும் சந்தேகப்படலாம். இதற்கும் அடங்காவிட்டால், வருவது மனிதரா பாட்டா என்று பார்க்கும் கிளவுட்ஃப்ளேரின் டர்ன்ஸ்டைலைச் சேருங்கள். அது தரும் டோக்கனைச் சர்வரில் சரிபார்க்காவிட்டால் அது வெறும் அலங்காரம்தான்.

'உங்கள் செய்தியின் நகல் உங்களுக்கும் வரும்' என்ற வசதியைச் சேர்க்க வேண்டாம் என்பேன். பாட்களுக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. அடுத்தவர் முகவரியை இமெயில் கட்டத்திலும் தன் விளம்பரத்தைச் செய்திக் கட்டத்திலும் போடும். உங்கள் டொமைனே அந்த விளம்பரத்தை முத்திரை குத்தி ஊரெல்லாம் அனுப்பும். பெறுகிறவர்கள் 'ஸ்பேம்' என்று அமுக்க அமுக்க உங்கள் பெயர் கெடும்.

சரிபார்ப்பது

ஜிமெயிலுக்கு ஒரு சோதனை அனுப்பி, கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அமுக்குங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் 'பாஸ்' என்று இருக்க வேண்டும். டிகிம் பாஸ் ஆகி, அதற்குப் பக்கத்தில் உங்கள் டொமைனுக்குப் பதில் வேறு டொமைன் தெரிந்தால், டிஎன்எஸ் வேலை இன்னும் பாக்கி.

சேவையின் டாஷ்போர்டில் 'சப்ரெஷன்' பட்டியலையும் எப்போதாவது பாருங்கள். மண்டபத்துக்காரரின் முகவரியை ஒருமுறை தவறாகப் போட்டோ, அந்தப் பெட்டி மூடப்பட்டோ மெயில் திரும்பி வந்தால், அந்த முகவரிக்கு இனி அனுப்ப வேண்டாம் என்று சேவையே குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு பெட்டி சரியானாலும், பட்டியலிலிருந்து எடுக்கும் வரை எதுவும் போகாது. டெலிவரி, பவுன்ஸ் (மெயில் திரும்பி வருவது) நிகழ்வுகளை வெப்ஹூக் வழியாக, அதாவது சேவையே நம் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லும்படி, நம் டேபிளுக்கே வரவைக்க முடியும். முதல் நாளே அது தேவையில்லை, மெதுவாகச் செய்துகொள்ளலாம்.

இப்போதெல்லாம் மாதம் பிறந்ததும் நானே ஃபார்மை நிரப்புகிறேன். தமிழில் பெயர், நீளமான செய்தி, முதலிலேயே கும்பிடும் கை. மெயில் வந்ததா, ரிப்ளை-டூவில் என் முகவரி இருக்கிறதா, டேபிளில் எமோஜிக்குப் பின்னால் இருப்பதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பேன். போன தடவை 'சோதனை' என்று சப்ஜெக்டில் வரும்படி எழுத மறந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் அண்ணாச்சியிடமிருந்து பதில் வந்தது: "அந்தத் தேதி காலியா இருக்கு. எத்தனை பேருக்குச் சாப்பாடு?"